இந்த நிபந்தனை எதற்கு?

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்த பெண்கள்தான் பி.எஸ்சி. கணிதத்தின் இரண்டாம் ஆண்டில் அதிகம் திணறுகிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ரியல் அனாலிசிஸ் தாளில் அரியர் விழுந்ததும் துறை அறை வாசலில் வந்து நிற்பார்கள். "எனக்கு மேத்ஸ் நல்லா வரும் மேம். ஆனா இது மேத்ஸ் மாதிரியே இல்லையே மேம்" என்பார்கள். சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். அந்தப் பிள்ளைகள் சொல்வதில் பிழையில்லை. பள்ளியில் அவர்கள் படித்தது ஒன்று, இங்கே நாங்கள் கேட்பது வேறொன்று. நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பள்ளிக் கணக்கில் வாய்ப்பாடு கையில் இருக்கும். எந்தப் பயிற்சிக்கு எந்த வழிமுறை என்று தெரிந்திருக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடையும் இருக்கும். கல்லூரியிலோ "நிறுவுக" என்று கேள்வி முடிந்துவிடும். விடையாக ஓர் எண் வராது. நிறுவ வேண்டிய முடிவைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அது ஏன் உண்மை என்பதை, படிக்கிறவர் மறுக்க வழியில்லாதபடி, வரி வரியாக எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. அலைடு பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சி புரோகிராமிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் அவற்றை வேறு பட்டம் படித்தும் தெரிந்துகொள்ளலாம்.

நான் படித்தது எண்பதுகளில். தமிழ்வழியில் மேல்நிலை முடித்துவிட்டு ஆங்கிலவழியில் சேர்ந்தேன். முதலாண்டு மிரட்டவில்லை. திரிகோணமிதி, சமன்பாட்டியல், நுண்கணிதம் என்று பள்ளிக்கூடத்தின் நீட்சியாகவே ஓடியது. நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் சேர்ந்து எழுதிய கால்குலஸ் புத்தகங்களைத் தமிழ்நாட்டில் கணிதம் படித்த சில தலைமுறையினருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அட்டை கிழிந்த பிரதி சீனியர் அக்காக்களிடமிருந்து கைமாறி வரும். ஓரங்களில் பென்சிலில் யாரோ போட்ட விடைகள் இருக்கும். ரிடக்ஷன் ஃபார்முலாக்களை நோட்டு நோட்டாகப் போட்டுத் தள்ளினோம். அந்தக் கைப்பழக்கம் வீண் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். கை ஓடாதவர்களுக்குப் பின்னால் வரும் நிரூபணங்களில் இயற்கணித வரிகளே தடையாகிவிடும்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு அனாலிசிஸ் எடுத்த சார் ரோலின் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதினார். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு. உள்ளே எல்லா இடத்திலும் வகையிடத்தக்கது. இரு முனைகளிலும் ஒரே மதிப்பு. அப்படியானால் உள்ளே எங்கேயாவது ஓரிடத்தில் வகைக்கெழு பூச்சியமாகும். நிரூபணத்தை எழுதப்போகிறார் என்று நாங்கள் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். அவர் டஸ்டரை எடுத்து இரண்டாவது நிபந்தனையை அழித்தார். "இப்ப தேற்றம் நிக்குமா, விழுமா?" என்று கேட்டார். வகுப்பு மூச்சுவிடவில்லை. மணி அடிக்கும்வரை அவரும் வேறு எதையும் சொல்லவில்லை.

மறுநாள் ஒருத்தி கண்டுபிடித்து வந்தாள். எக்ஸின் மட்டு மதிப்பை −1 முதல் 1 வரை வரைந்தால் 'வி' வடிவில் ஒரு கோடு வரும். முனைகளில் மதிப்பு 1, இடையில் எங்கும் அறுபடவில்லை. ஆனால் சரிவு ஒரு பக்கம் −1, மறுபக்கம் 1. பூச்சியம் எங்கேயும் இல்லை. கூர்முனையில் வகைக்கெழுவே கிடையாது. தேற்றம் விழுந்தது. அப்புறம் சார் முதல் நிபந்தனையை அழித்தார். பூச்சியத்திலிருந்து ஏறிக்கொண்டே போய், 1க்கு வந்ததும் சட்டென்று பூச்சியத்துக்கு விழும் சார்பை இன்னொருத்தி கொண்டுவந்தாள். கடைசியில்தான் அவர் எங்கள் எல்லாருக்கும் புரியாமலிருந்த ஒன்றைக் கேட்டார். "தொடர்ச்சிக்கு முனைகளையும் சேர்த்துக் கேட்கிறோம். வகையிடலுக்கு மட்டும் முனைகளை ஏன் விட்டுட்டோம்?" அரைவட்டத்தை வரைந்து காட்டினார். அதன் இரு முனைகளிலும் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது, அங்கே வகைக்கெழு இல்லை. ஆனாலும் உச்சியில் தொடுகோடு கிடையாகத்தான் இருக்கிறது, தேற்றம் நிற்கிறது. தேவையில்லாத இடத்தில் தேற்றம் எதையும் கேட்பதில்லை என்பது அன்று புரிந்தது. ஒரு தேற்றத்தின் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு விபத்தைத் தடுக்கத்தான் அங்கே இருக்கிறது.

எனக்குக் கணிதம் பிடிபட்டது அந்த வாரத்தில்தான். அன்றிலிருந்து எந்தத் தேற்றத்தைப் படித்தாலும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துவிட்டு, மிச்சம் நிற்கிறதா என்று பார்ப்பேன். நான் ஆசிரியையானதும் என் மாணவிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதையே. நிரூபணத்தை மனப்பாடம் செய்கிற நேரத்தில் பாதியை எதிர்க்காட்டு தேடுவதில் செலவழித்தால், நிரூபணம் தானாகவே மனதில் நிற்கும். எந்த வரியில் எந்த நிபந்தனை உள்ளே வருகிறது என்று தெரிந்துவிட்டால் மறப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

எல்லை என்ற கருத்துக்கு வருவோம். பிள்ளைகள் விழும் முதல் குழி அதுதான். "எப்சிலான் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதற்கேற்ப ஓர் இடம் உண்டு, அந்த இடத்துக்கு அப்பால் உள்ள உறுப்புகள் எல்லாம் எல்லைக்கு எப்சிலான் தொலைவுக்குள் இருக்கும்." இந்த வரையறையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்காதவர்கள் இல்லை. அதில் யார் முதலில் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. நான் இரண்டு பேரை எழுந்து நிற்கச் சொல்வேன். ஒருத்தி எப்சிலான் சொல்ல வேண்டும், மற்றவள் இடம் சொல்ல வேண்டும். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்முறைக்கு எல்லை பூச்சியம். "பத்தில் ஒன்று" என்பாள் ஒருத்தி. "பத்தாவதுக்கு மேல" என்பாள் மற்றவள். "ஆயிரத்தில் ஒன்று." "ஆயிரமாவதுக்கு மேல." கொஞ்ச நேரத்தில் கேட்பவளுக்கே சலித்துவிடும். என்ன கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறதே! அந்தச் சலிப்பு வரும்போது எல்லை என்றால் என்ன என்று புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு வரிசையை மாற்றச் சொல்வேன். இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், எப்சிலான் என்ன கேட்டாலும் அதே இடம் செல்லுபடியாக வேண்டும். 1, 1/2, 1/3 தொடர்முறைக்கு இது முடியவே முடியாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்படியானால் எந்தத் தொடர்முறைக்கு முடியும்? ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா உறுப்பும் எல்லையாகவே இருந்தால்தான் முடியும். சொற்கள் அதே சொற்கள், வரிசை மட்டும் மாறியது. கிடைத்ததோ முற்றிலும் வேறொரு கருத்து. சீரான தொடர்ச்சி என்ற பாடம் வரும்போது இதே வரிசைச் சிக்கல்தான் மறுபடி தலைகாட்டும். இங்கே தெளிவானவர்களுக்கு அங்கே பயம் இருக்காது.

அதற்கடுத்த பயிற்சி இன்னும் கடினம். "ஒருங்கவில்லை என்றால் என்ன?" என்று எழுதச் சொல்வேன். ஒரு வாக்கியத்தின் மறுப்பை எழுதுவது பள்ளியில் யாரும் சொல்லித் தராத வித்தை. "எல்லா எப்சிலானுக்கும்" என்பதன் மறுப்பு "எந்த எப்சிலானுக்கும் இல்லை" என்று எழுதுவார்கள். "எல்லாரும் பாஸ்" என்பது பொய்யானால் எல்லாரும் ஃபெயில் என்று ஆகிவிடுமா? ஒருத்தி ஃபெயிலானால் போதுமே என்று சொன்னதும் வகுப்பே தலையாட்டும். ஆனால் அடுத்த நிமிடம் தாளில் பழையபடி எழுதுவார்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. பத்துப் பதினைந்து வாக்கியங்களை மறுத்து எழுதிப் பழகத்தான் வேண்டும். அனாலிசிஸ் பாடத்துக்குள் போவதற்கு முன் இரண்டு வாரம் இதற்கே ஒதுக்குவேன். சிலபஸ் பின்தங்குகிறது என்ற குறை வந்ததுண்டு. அந்த இரண்டு வாரத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

முடிவிலித் தொடர்கள் வரும்போது வகுப்பு தானாகச் சூடுபிடிக்கும். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? "உறுப்பு சின்னதாகிட்டே போகுதே மேம், ஏதாவது ஓர் எண்ணுல நின்னுடும்" என்பார்கள். கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். 100ஐத் தாண்ட வேண்டுமானால், ஒன்றுக்குப் பின்னால் 43 பூச்சியம் போட்ட எண்ணைவிடவும் அதிகமான உறுப்புகள் வேண்டும். எந்தக் கணினியும் அவ்வளவு உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டி முடிக்காது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரெம் என்ற அறிஞர் இரண்டே வரியில் இதை முடித்து வைத்துவிட்டார். 1/3, 1/4 இரண்டையும் சேர்த்தால் 1/2ஐவிட அதிகம். அடுத்த நான்கு உறுப்புகளைச் சேர்த்தாலும் 1/2ஐவிட அதிகம். அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரைகள் வந்துகொண்டே இருக்கும்போது கூட்டுத்தொகை எங்கே நிற்கும்? எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும். கணினி காட்ட முடியாததை ஒரு காகிதமும் பென்சிலும் காட்டுகின்றன என்று சொல்லும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இதே உறுப்புகளுக்குக் கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால் தொடர் ஒருங்குகிறது. 1 − 1/2 + 1/3 − 1/4 என்று போனால் 0.693 அருகே நிற்கும். அது 2இன் இயல் மடக்கை. இப்போது உறுப்புகளின் வரிசையை மட்டும் மாற்றுவோம். ஒரு கூட்டல் உறுப்பு, இரண்டு கழித்தல் உறுப்புகள் என்று எடுத்தால் 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 என்று போகும். எந்த உறுப்பும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஆனால் கூட்டுத்தொகை சரிபாதியாகிவிடும். 1இலிருந்து 1/2ஐயும், 1/3இலிருந்து 1/6ஐயும் கழித்துப் பாருங்கள், 1/2 − 1/4 + 1/6 − 1/8 என்று பழைய தொடரின் பாதி அப்படியே வந்து நிற்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து "எப்படி மாற்றிக் கூட்டினாலும் ஒரே விடை" என்று நம்பி வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒரு பெண் அன்று மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்து உறுப்புகளை எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை போதாது, நிரூபணம் வேண்டும் என்று நான் ஆயிரம் முறை சொன்னாலும் இந்த ஒரு தொடர் சொல்வதுபோல் ஆகாது.

நவீன இயற்கணிதத்தில் சிக்கல் வேறு மாதிரி. குலம், உட்குலம், வளையம், புலம் என்று வரையறைகள் வரிசைகட்டி வரும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பிள்ளைகள் நான்கு விதிகளை எழுதிக்கொண்டிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சமபக்க முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளுக்கும் இருபுறமும் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். மேசையில் வரைந்த முக்கோணத்தின் மேல் அந்த அட்டையை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? சுழற்றினால் மூன்று, புரட்டினால் மூன்று, ஆக ஆறு. முதலில் சுழற்றிவிட்டுப் பிறகு புரட்டினால் ஒரு நிலை, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வேறொரு நிலை. பரிமாற்று விதி கண்ணெதிரே உடைகிறது. இந்த ஆறில் சிலவற்றை மட்டும் எடுத்து, ஒன்றையொன்று எப்படிச் சேர்த்தாலும் வெளியே போகாத கூட்டம் அமைக்கச் சொல்வேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு பேர் கொண்ட கூட்டங்கள் கிடைக்கும். நான்கோ ஐந்தோ கொண்டது எவ்வளவு முயன்றாலும் வராது. லக்ராஞ்சின் தேற்றம் அப்போது அவர்கள் கையில் இருக்கிறது, நான் பெயர் மட்டும் சொன்னால் போதும்.

"அப்ப ஆறு பன்னிரண்டை வகுக்குதே, பன்னிரண்டு உறுப்பு உள்ள குலத்துல ஆறு உறுப்பு உட்குலம் கட்டாயம் இருக்குமா மேம்?" என்று ஒரு கெட்டிக்காரி கேட்பாள். அதற்கு நான்முகி செய்துவரச் சொல்ல வேண்டும். அதன் சுழற்சிகள் பன்னிரண்டு, அவற்றில் ஆறு கொண்ட உட்குலம் கிடையாது. தேற்றத்தைத் திருப்பிப் போட்டால் நிற்காது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் கார்டன் முறையில் முப்படிச் சமன்பாடு, ஃபெராரி முறையில் நாற்படிச் சமன்பாடு கற்றுத் தருகிறோம். அதோடு பாடம் நின்றுவிடுகிறது. ஐந்தாம் படிக்கு ஏன் வாய்ப்பாடு இல்லை என்று யாரும் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. அப்படி ஒரு பொது வாய்ப்பாடு இருக்கவே முடியாது என்று ஏபெல் 1824இல் நிறுவினார். எந்தச் சமன்பாட்டுக்கு முடியும், எதற்கு முடியாது என்பதைத் தீர்மானிக்கும் வழியைக் கால்வா கண்டுபிடித்தார். 1832இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது அவருக்கு வயது 20. குலம் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. முதலாண்டுப் பாடத்துக்கும் மூன்றாமாண்டுப் பாடத்துக்கும் இடையே இப்படி ஒரு தொப்புள்கொடி இருப்பது தெரியாமலே பெரும்பாலானோர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். முழு நிரூபணம் முதுகலைக்குரியது, சரி. கதையைச் சொல்ல முதலாண்டில் அரைமணி நேரம் போதுமே.

"ராமானுஜன் நிரூபணமா எழுதினார் மேம்?" என்ற கேள்வி வராத ஆண்டே இல்லை. நான் வேலைபார்த்த ஊர்களில் அவர் பெயர் கோயில் பெயர்போல. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார், சென்னைக்குப் போயும் எஃப்.ஏ. தேறவில்லை, இங்கே பட்டம் வாங்காமலே உலகை வென்றார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகம் ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரூபணமின்றி, அல்லது ஒரு குறிப்போடு மட்டும் அடுக்கிவைத்த புத்தகம். அந்தப் பாணியே அவர் நோட்டுகளிலும் படிந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் 1913இல் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் தவறாக இருந்தன. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் பூச்சியங்கள் உண்டு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மேதையின் உள்ளுணர்வும் பகா எண்களிடம் ஏமாந்தது. நிரூபணம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. அவருடைய நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கு நிரூபணம் எழுதி, புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒருவர் கண்டதை உலகம் உறுதிசெய்துகொள்ள அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது. ராமானுஜனைக் கும்பிடுவதோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம்மிடம் இன்னொரு மரபும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பாரிஸில் எலி கார்ட்டானிடம் ஆய்வுசெய்த சார்லஸ் ரசீன் என்ற இயேசு சபைப் பாதிரியார் சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அந்தக் காலத்தில் இங்கே பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பாணியில் இருந்தது. அவர் தம் மாணவர்களுக்குப் பிரான்சில் அன்று புதிதாக உருவாகிக்கொண்டிருந்த கணிதத்தை அறிமுகப்படுத்தினார். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்திலிருந்து வந்த எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் இளநிலை படித்தவர்கள். இருவரும் 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். 1965இல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் வடிவியலில் ஓர் அடிக்கல். பின்னாளில் சேஷாத்ரி சென்னைக் கணிதவியல் நிறுவனத்தை உருவாக்கினார். இளநிலை வகுப்பில் ஓர் ஆசிரியர் எதைக் காட்டுகிறார் என்பதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நல்ல படிப்பைக் கேள்வித்தாள் கெடுக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் வடிவம் ஒன்றுதான். இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் ஐந்தில் மூன்று, மொத்தம் 75. இன்டர்னல் 25. ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் படித்தால் பத்து மார்க் பகுதி முடிந்தது. அதிலும் பழைய கேள்விகளே சுற்றிச் சுற்றி வரும். மத்திய மதிப்பீட்டு முகாமில் விடைத்தாள் கட்டைப் பிரித்தால், கைடில் அச்சுப்பிழையாகத் திரும்பிப்போன ஒரு 'சிறியது' குறி, கட்டு முழுக்க எல்லாத் தாளிலும் அப்படியே திரும்பி நிற்கும். வரிகள் அத்தனையும் சரி, அந்த இடத்தில் மட்டும் பொருளே தலைகீழ். எழுதிய ஒருத்திக்கும் அது உறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். கைடைப் படித்தால் போதும் என்ற நிலையை நாம்தான் வைத்திருக்கிறோம். தெரிந்த தேற்றத்தில் ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு "இது உண்மையா? இல்லையென்றால் எதிர்க்காட்டு தருக" என்று ஒரு தாளுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கைடுக்கு அங்கே வேலை இருக்காது.

தமிழ்வழியில் வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை. ஆங்கில வாக்கியமே கண்ணைக் கட்டும்போது கருத்து எப்படி உள்ளே போகும்? என் மாணவிகளிடம் நிரூபணத்தை முதலில் பக்கத்தில் இருப்பவளுக்குத் தமிழில் சொல்லச் சொல்வேன். "அப்படின்னா", "ஏன்னா", "ஆனா இது முடியாது, அதனால" என்று வாய்விட்டுச் சொல்லும்போது ஓட்டை எங்கே என்று சொல்பவளுக்கே தெரிந்துவிடும். தமிழில் தடங்கலில்லாமல் சொன்ன பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது சில நூறு வாக்கிய அமைப்புகளைப் பழகுகிற வேலை. ஒரு பருவத்தில் வந்துவிடும்.

வேலை என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பெரும்பாலோர் பி.எட். முடித்து ஆசிரியராகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளில் கணிதம் படித்தவர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. எம்.சி.ஏ. போகிறவர்கள், மென்பொருள் நிறுவனங்களுக்கு நேராகப் போகிறவர்கள், புள்ளியியல் பக்கம் நகர்ந்து தரவுப் பகுப்பாய்வில் இருப்பவர்கள் எல்லாரும் என் மாணவிகளில் உண்டு. ஆராய்ச்சிக்குப் போனவர்கள் சிலரே. அந்தச் சிலரும் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் போனவர்கள் என்று சொல்ல முடியாது. வழி இருக்கிறது என்று சரியான நேரத்தில் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு அந்தத் தகவல் மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது.

ஆகவே இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சிலவற்றை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தோடு ஒரே ஒரு நல்ல புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அனாலிசிஸுக்கு பார்ட்டிலும் ஷெர்பர்ட்டும் எழுதியது போதும். கோல்ட்பெர்க் எழுதியது உங்கள் நூலகத்தில் பெரும்பாலும் இருக்கும். இயற்கணிதத்துக்கு ஹெர்ஸ்டீன். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நகர்ந்தால் அது நல்ல வேகம், கவலைப்படாதீர்கள். தேற்றத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நிரூபணத்துக்கு முயலுங்கள். சிக்கிக்கொண்டால் ஒரு வரி மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். பயிற்சிக் கணக்குகளின் விடையை இணையத்தில் தேடாதீர்கள். ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவருக்குக் கிடைப்பது வேறு எந்த வழியிலும் கிடைக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வாரம் ஒருநாள் காலி வகுப்பறையில் ஆளுக்கொரு நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்குங்கள். கேட்பவர் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்க வேண்டும்.

முதுகலைக்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் என்ற நுழைவுத்தேர்வு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே தயாராக இருங்கள். அதற்கும் முன்னால் எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது. பேராசிரியர் குமரேசன் 1993இல் தொடங்கியது. அங்கே குறிப்பு கொடுக்கமாட்டார்கள், கேள்விகளாகக் கேட்டு உங்களையே கண்டுபிடிக்க வைப்பார்கள். போய்வந்த என் மாணவிகள் அடுத்த ஆண்டு வகுப்பில் கேட்ட கேள்விகளே வேறு. அதன் முதல் படிநிலை இளநிலை இரண்டாம் ஆண்டில் படிப்பவர்களுக்கானது. உங்கள் துறைத்தலைவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கி, இந்த ஆண்டே விண்ணப்பித்துவிடுங்கள்.